நான் ‘ஹோம்’ என்று சொல்லவில்லை

ஒஸ்லோவின் ரொம்சோசில் முருங்கைக்காய் விற்ற முதல் கடை என்னுடையது. அதற்கு முன்னால் அந்தப் பகுதியில் கறிச்சட்டியும் இருந்தது, சனமும் இருந்தது, முருங்கைக்காய் மட்டும் இல்லை. முதல் பெட்டி வந்த அன்று அதை வாகனத்துக்குள்ளேயே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஒவ்வொரு காயும் இரும்புக் கம்பியாக விறைத்திருந்தது. அப்படியே தட்டித் தட்டி விற்றேன். சனம் வாங்கியது.

அதன் பிறகு துப்புரவு நிறுவனம். ஒரு வாளியோடு தொடங்கினேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய வாகனங்கள் ஒஸ்லோ முழுக்க ஓடுகின்றன. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது, ஆனாலும் ஓடுகின்றன. மோர்டென்ஸ்ருட்டில் வீடு வாங்கினேன். அதன் பல்கனியை ஒரு கோடை விடுமுறையில் என் கையாலேயே கட்டினேன். நகரசபை சொன்னதும் என் கையாலேயே கழற்றினேன். எங்கள் தமிழ்க் கழகத்தின் விளையாட்டுப் போட்டிக்கு நிற்கிறதே பெரிய வெள்ளைக் கூடாரம், அதுவும் நான் கொடுத்ததுதான். ஒரே மகனை எஞ்சினியர் ஆக்கினேன். இவ்வளவையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன்.

வாரம்தோறும் நான் எழுதுகிற இந்தத் தொடரை ஒழுங்காக வாசிப்பவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். இன்னொன்றும் மனப்பாடமாக இருக்கும். தொடரின் தொடக்கத்தில் எழுதியிருந்தேன்: நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய நாட்களில், உலகம் முழுவதும் கேட்கிற வானொலி ஒன்றுக்கு நான் ஆங்கிலத்தில் பேட்டி கொடுத்தேன் என்று. டென்மார்க்கிலிருந்து ஒரு வாசகர், ‘ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் உலகை வென்றவரே’ என்று பாராட்டி எழுதினார். அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன்.

இப்போது கழற்றிவிட்டேன். ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை.

குசினியில் ஒரு குரல்

இலையுதிர் காலத்து ஒரு சனிக்கிழமை. மனைவி, மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று லண்டனுக்குப் போயிருந்தாள். குசினி என் ஆட்சியில். முழுக் கொட் மீன் ஒன்றைக் கழுவுதொட்டிக்குள் போட்டுச் செட்டை நறுக்கிக்கொண்டிருந்தேன். மீன் வெட்டுகிற வேலையைவிட்டு எத்தனையோ காலம் ஆகியும் இன்னொருவர் வெட்டிய மீன் என் தொண்டையில் இறங்காது.

சாப்பாட்டு மேசையில் என் பேத்தி மிதுலா. பத்தாம் வகுப்பு. மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய தாய், என் மருமகள் நிஷா. நிஷா கோயம்புத்தூர்ப் பிள்ளை. இங்கே ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறாள். அவள் பேசுகிற ஆங்கிலத்தைக் கேட்டால் எனக்குத் தொலைக்காட்சி பார்க்கிற மாதிரி இருக்கும்.

பிரச்சினை இதுதான். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்குக் கேட்டல் பயிற்சி என்று ஒன்று வைக்கிறார்கள். வானொலி, தொலைக்காட்சியில் வந்த துண்டுகளைப் போட்டுக் காட்டுவார்கள். கேட்டுவிட்டுக் கேள்விகளுக்கு விடை எழுதவேண்டும். ஐந்தில் நிற்கிற மிதுலாவை ஆறுக்கு ஏற்றுவதா இல்லையா என்பது இந்தப் பயிற்சிகளைப் பார்த்துத்தான் முடிவாகுமாம். இங்கே ஆறுதான் உச்சம். ஆறு கிடைத்தால்தான் அவள் ஆசைப்படுகிற மேல்நிலைப் பள்ளிக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் அவள் முகம் சிவந்திருந்தது புள்ளிக்காக அல்ல.

“அம்மா, நான் பொய் சொல்லேல்லை. அந்த ஆள் தமிழ்தான் கதைக்கிறார். கிளாசிலை எல்லாரும் சிரிச்சவை. எல்லாச் சத்தத்திலையும் உனக்குத் தமிழ் கேக்குமோ எண்டு கேட்டவை.”

“மிதுக்குட்டி, ஃபாசித்ல என்ன போட்டிருக்கு?” என்றாள் நிஷா. விடைகள் அச்சிட்ட தாளை இங்கே ஃபாசித் என்பார்கள். அதில் இருப்பது வேதவாக்கு.

“அந்த ஆளுக்கு என்ன குறை எண்டுதான் கேள்வி. ஃபாசித்திலை ‘ஹோம்’ எண்டு போட்டிருக்கு. அந்த ஆள் வீட்டை நினைச்சு ஏங்கிறாராம்.”

“சரி, இன்னொரு வாட்டி போடு. ஹெட்போன் வேணாம், சத்தமாப் போடு.”

போட்டாள்.

முதலில் கடற்காகங்கள். பிறகு இயந்திரங்களின் இரைச்சல், தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம், தகரப் பெட்டி சறுக்குகிற சத்தம். என் கையிலிருந்த கத்தி நின்றது. ஒரு தொழிற்சாலையை அதன் சத்தத்தை வைத்து அடையாளம் காண முடியுமா என்று கேட்டால், முடியும். மீன் ஓடுகிற அந்தப் பட்டியில் எங்கேயோ ஓர் உருளை பழுதாகி ‘கிறீச்’ என்று அழும். மாரிக் குளிர் முழுக்க அது அழுததை நான் கேட்டிருக்கிறேன்.

ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் எதையோ கேட்டது. அப்புறம் ஓர் ஆணின் குரல். இளம் குரல். மிடுக்கான குரல்.

“ஓம்… ஓம்…”

அதற்குப் பிறகு மெதுவாக வயலின் எழுந்தது. அந்தப் பெண் குரல் உருக்கமாக எதையோ சொல்லி முடித்தது.

“கேக்குதா? ஹோம், ஹோம்னு தெளிவா சொல்றாரே. பாவம்,” என்றாள் நிஷா.

நான் மீனைக் கீழே வைத்தேன். கை கழுவவில்லை.

“அது நான்,” என்றேன்.

கேட்காமல் வந்த சொல்

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடத்தில் பேத்தியின் சிவந்த முகமும் புள்ளியும் என் மூளையில் இல்லை. நோர்வே நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் என் ஆங்கிலத்தைக் கேட்டுப் பாடம் படிக்கிறார்கள் என்பது மட்டும்தான் இருந்தது. நெஞ்சு கூடாரம் மாதிரி விரிந்தது.

“நான் சொல்லேல்லையோ? உலக வானொலி! எத்தினை தரம் சொல்லியிருப்பன்! நீங்கள்தான் நம்பேல்லை!”

“ஐயோ மாமா, நிஜமாவா?” நிஷா வாயில் கை வைத்தாள். “அப்ப நீங்களே சொல்லிருங்க. நீங்க ஹோம்னுதானே சொன்னீங்க?”

மிதுலா என்னையே பார்த்தாள். அவளுக்குத் தகப்பன் வழித் தாத்தா நான், ஆகையால் அப்பப்பா. “அப்பப்பா, நீங்கள் தமிழிலைதானே சொன்னனீங்கள்?”

இரண்டு கேள்விகள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது:

“ஓம்.”

“பாத்தியா, ஹோம்தான்!” என்றாள் தாய்.

“இல்லை, ஓம் எண்டவர்!” என்றாள் மகள்.

“நான் கேட்டதுக்கு ஓம்னு சொன்னாரு!”

“நான் கேட்டதுக்குத்தான் சொன்னவர்! அப்பப்பா, ஆருக்கு ஓம் எண்டனீங்கள்?”

நான் யோசித்தேன். ஹோம் என்றால் நான் ஆங்கிலம் பேசினேன் என்று ஆகும். ஓம் என்றால், பீற்றிக்கொண்டு திரிந்த பேட்டி முழுவதும், ‘ஆம்’ என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற ஒரு தமிழ்ச் சொல் என்று ஆகும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் டென்மார்க் வாசகர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே இரைச்சல், பிள்ளை,” என்றேன். “கன காலம். சரியா ஞாபகம் இல்லை.”

மிதுலா மடிக்கணினியை மூடினாள். “ஞாபகம் இல்லாமல்தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறீங்கள்,” என்றுவிட்டு மேலே ஏறிப் போனாள். மீன் நாற்றம் முதன்முறையாக எனக்கே பிடிக்கவில்லை.

ஓம் கட்டிய கோட்டை

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பாட்ஸ்பியோர்ட்டுக்குப் போய் இறங்கியபோது எனக்கு நோர்வேஜிய மொழியில் தெரிந்தது மீனின் பெயர் மட்டும். ஆங்கிலத்தில் தெரிந்தது என் பெயர் மட்டும். ஆகவே யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டி “ஓம்” என்பேன். அதை அவர்கள் மொழியில் ‘யா’ என்று சொல்லப் பழகுவதற்கே இரண்டு மாரி பிடித்தது.

இதனால் என்ன நடந்தது என்றால், எனக்கு எல்லா வேலையும் கிடைத்தது. பாரந்தூக்கி வண்டி ஓட்டுவாயா? ஓம். அதன் பிறகுதான் அதில் ஏறிப் பார்த்தேன். ஐஸ் அறைச் சுவர் ஒன்று இன்றைக்கும் கொஞ்சம் உள்ளே வாங்கி இருக்கும். ஆள் குறைந்த நேரத்தில் நிற்பாயா? ஓம். மேற்பார்வையாளர் ஊரைவிட்டுப் போனபோது ஏதோ கேட்டார், ஓம் என்றேன், அடுத்த நாள் அவருடைய கிழட்டு நாய் எங்கள் வீட்டு வாசலில் கட்டப்பட்டிருந்தது. நல்ல நாய். சோற்றைத் தவிர வேறெதுவும் தின்னாத நாயாக அதை மாற்றினோம்.

ஒரு தரம் ஒரு வயதான பெண்மணி சிரித்த முகத்தோடு வந்து நீளமாக எதையோ கேட்டார். ஓம் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேவாலயத்துப் பாடகர் குழுவில் பின்வரிசையில் நிறுத்தினார்கள். வேட்டியோடு தேர் இழுத்த குடும்பத்தில் பிறந்தவன் நான். கையில் பாட்டுப் புத்தகம். வாயைத் திறந்து திறந்து மூடினேன். ஈஸ்டர் வரைக்கும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தபோதும் போகவிடவில்லை, உயரமான ஆள் பின்வரிசைக்கு வேண்டுமாம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் கட்டியதெல்லாம் விளங்காத கேள்விக்கு ஓம் சொல்லிக் கட்டியது. விளங்கிய பிறகு ஓம் சொல்லியிருந்தால் அரைவாசிக்கும் சொல்லியிருக்கமாட்டேன்.

சில்வெஸ்டரின் ஞாபகம்

பேத்தி மேலே போன கையோடு சில்வெஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். சில்வெஸ்டர் தீவுப்பகுதிக் கத்தோலிக்கர். என்னைவிட இளையவர். பட்டிக்கு அந்தப் பக்கம் அவர் நின்று வெட்டுவார், இந்தப் பக்கம் நான். சாமியார்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவர், அதனால் ஆங்கிலம் விளங்கும். இப்போது ரொம்சோசில் இருக்கிறார். கோயிலில் பூசைக்கு வாசகம் வாசிப்பவர். குரல் கடைசி வாங்குப் பலகையில் நித்திரை கொள்கிறவரையும் எழுப்பும்.

“தம்பி, அந்த வானொலிப் பேட்டி ஞாபகம் இருக்கோ?”

“எது, நீங்கள் வாயே திறக்காத பேட்டியோ?”

“திறந்தனான்!”

“ஓம் திறந்தனீங்கள். அண்ணை, அந்தப் பிள்ளை மயிர் மூடின மைக்கைக் கொண்டு வரேக்கை என்னட்டைத்தான் வந்தது. நீங்கள் இடிச்சுக்கொண்டு முன்னுக்கு வந்து நிண்டனீங்கள். அது கேட்டுது. நீங்கள் முழிச்சனீங்கள். நான் பட்டிக்கு அங்காலை நிண்டு ‘அண்ணை, விளங்குதோ?’ எண்டு கத்தினனான். நீங்கள் என்னைப் பார்த்து ‘ஓம், ஓம்’ எண்டனீங்கள்.”

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“பிறகு சாப்பாட்டு அறையிலை வந்து என்ரை காதுக்குள்ளை, ‘டேய், அவள் என்னடா கேட்டவள்?’ எண்டனீங்கள். ‘உங்களுக்கு இஞ்சை என்ன குறை எண்டு கேட்டவள்’ எண்டு சொன்னனான். ‘அட, தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பனே’ எண்டனீங்கள்.”

நாற்காலியில் இருந்தேன். அதாவது, உலகத்துக்கு நான் கொடுத்த பேட்டியில் நான் பேசியது வானொலியோடு அல்ல. சில்வெஸ்டரோடு. அதுவும் விளங்கியது என்று பொய் சொல்லியிருக்கிறேன். கேட்டல் பயிற்சிக்கென்று இதைவிடப் பொருத்தமான ஆளைத் தேடினாலும் கிடைத்திருக்காது.

மேலே போய்க் கதவைத் தட்டினேன். மிதுலா கட்டிலில் கைத்தொலைபேசியோடு கிடந்தாள்.

“பிள்ளை, நீ பேப்பரிலை என்ன எழுதினனீ?”

எழும்பாமலே சொன்னாள். “அந்த ஆள் என்ன குறை எண்டு சொல்லவே இல்லை. பின்னாலை ஒருத்தர் தமிழிலை ‘விளங்குதோ’ எண்டு கேக்கிறார். அவர் ஓம் எண்டு சொல்லுறார். ஆனா அவருக்கு விளங்கேல்லை எண்டு நினைக்கிறன். அப்பிடித்தான் எழுதினனான்.”

“விளங்கேல்லை எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நீங்கள் ஓம் எண்டு சொல்லுற மாதிரியே சொன்னவர் அப்பப்பா. தொலைபேசியிலை வங்கிக்காரர் கதைக்கேக்கை சொல்லுவீங்களே, அந்த ஓம்.”

உலகம் முழுக்கக் கேட்ட ஒலிபரப்பு. எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை ஆசிரியர், எத்தனை பிள்ளைகள். பின்னால் நின்ற சில்வெஸ்டரை எல்லோரும் இரைச்சல் என்று தள்ளிவிட்டார்கள். ஒரேயொரு பிள்ளை சரியாகக் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பிழை போட்டிருக்கிறார்கள்.

“ரீச்சருக்கு எழுது,” என்றேன். “அந்த ஆள் வாறார் எண்டு எழுது.”

வகுப்பறை

இங்கே பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆங்கில ஆசிரியையின் பெயர் மாரித். அவர் உடனேயே பதில் போட்டார்: வாருங்கள், வகுப்பிலேயே பேசலாம்.

நிஷா எனக்கு ஆங்கிலத்தில் ஒரு சின்ன உரை எழுதித் தந்தாள், தமிழ் எழுத்தில். குளியலறையில் மனப்பாடம் செய்தேன். கோட்டுப் போட்டேன். சில்வெஸ்டர் நகரத்தின் அந்தக் கரையிலிருந்து ரி-பான் ரயிலில் வந்து இறங்கினார், ஈஸ்டர் பூசைக்குப் போடுகிற சாம்பல் நிற உடுப்போடு.

“உமக்கு ஏன் இந்த உடுப்பு? நான்தானே கதைக்கப் போறன்.”

“அப்ப எனக்கு வேலை வரும்,” என்றார்.

வகுப்பில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். சோமாலியா, பாகிஸ்தான், போலந்து, நோர்வே. மிதுலா இரண்டாவது வரிசையில், மேசையில் ஏதோ எழுத்து இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில்வெஸ்டர் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றார். மாரித் என்னை முன்னால் நிறுத்தினார்.

உரையைத் தொடங்கினேன். என் பெயர் வந்தது. அதற்கு அடுத்தது வரவில்லை. குளியலறையில் ஓடிய தண்ணீரோடு போய்விட்டது. ஆகவே எனக்குத் தெரிந்த மொழிக்குத் தாவினேன்.

நான் நோர்வேஜியன் படித்தது வடக்கே, மீனவர்களிடம். அந்த மொழியில் இரண்டு சொல்லுக்கு ஒரு சொல் கெட்ட வார்த்தை. அங்கே அது கெட்ட வார்த்தையே அல்ல, அன்பு. நான் பாட்ஸ்பியோர்ட்டைப் பற்றி இரண்டு வசனம் சொல்வதற்குள் வகுப்பு மேசையில் விழுந்து சிரித்தது. மாரித் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மிதுலாவின் காது சிவந்தது. பேத்தியின் மானத்தைக் காப்பாற்றப் போனவன் இருந்த மிச்சத்தையும் வாங்கிவிட்டேனே என்று வாசற்கதவைப் பார்த்தேன்.

மாரித் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆங்கில வகுப்பு என்பதால் ஆங்கிலத்தில், என்னிடம் ஏதோ கேட்டார். நீளமான கேள்வி. கடைசியில் குரல் உயர்ந்தது. அதனால் கேள்வி என்று தெரிந்தது. எல்லாக் கண்ணும் என்மேல்.

நான் முழித்தேன்.

பின்சுவரிலிருந்து, கடைசி வாங்கு நித்திரையைக் கலைக்கிற குரல் எழுந்தது:

“அண்ணை, விளங்குதோ?”

“ஓம்… ஓம்…”

சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. பேசி வைத்திருந்தால் இவ்வளவு அச்சொட்டாக வந்திராது. பதற்றத்தில் எனக்கு மூச்சு முன்னால் போயிற்று; ஓமுக்கு முன்னால் ஒரு காற்று வந்தது. குளிர் அறையில் நின்று அன்றைக்குச் சொன்னபோதும் அந்தக் காற்றுதான் வந்திருக்கும். அந்தக் காற்றுத்தான் ‘ஹோம்’ ஆகியிருக்கிறது.

ஒரு சோமாலியப் பையன் எழும்பி, “அதேதான்! அதே ஆள்!” என்று கத்தினான். வகுப்பு கை தட்டியது. மாரித் கணினிக்கு ஓடி அந்தத் துண்டைப் போட்டார். கடற்காகம், இரைச்சல், கிறீச், பெண் குரல். இந்த முறை எல்லோருக்கும் சில்வெஸ்டர் கேட்டார். கேட்கத் தெரிந்த பிறகு அவர் அங்கே எவ்வளவு பெரிதாக நிற்கிறார்!

“மிதுலா,” என்றார் மாரித், “பின்னால் கேட்கிறவர் என்ன சொல்கிறார்?”

மிதுலா எழும்பி நின்று சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக. கிண்டல் பண்ணிய பிள்ளைகளைப் பார்த்துத்தான் சொன்னாள், மாரித்தைப் பார்த்தல்ல.

மாரித் பலகையில் அந்தச் சொல்லை எழுதினார்: ‘om’. பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். நோர்வேஜியனில் அதற்கு ‘ஒருவேளை அப்படியானால்’ என்று அர்த்தம். நான் உறுதியாகச் சொன்ன ஒரேயொரு சொல்லும் பலகையில் ஏறியதும் சந்தேகமாகிவிட்டது.

“நான் இப்போது கேட்டது இதுதான்,” என்றார் மாரித், நோர்வேஜியனில், மெதுவாக. “அன்றைக்குக் கேள்வி விளங்கியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? உங்களுக்கு அங்கே என்ன குறை?”

இதற்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“கையுறை,” என்றேன். “சின்ன அளவுக் கையுறை. தொழிற்சாலையில் இருந்ததெல்லாம் நோர்வேக்காரர் அளவு. விரல் நுனி தொங்கும். மீனோடு சேர்த்துக் கையுறையையும் வெட்டுவோம். வேறு குறை இல்லை.”

“வீட்டு நினைப்பு?” என்று முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, நம்பமுடியாமல்.

“எட்டுப் பேர் ஒரு வீட்டில் இருந்தோம் பிள்ளை. ஒரு நாய் வேறு. தனியாக நின்று நினைக்க இடம் எங்கே இருந்தது?”

பின்னாலிருந்து சில்வெஸ்டர் நல்ல ஆங்கிலத்தில் எதையோ சொன்னார். வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது. என்ன சொன்னார் என்று இன்றுவரைக்கும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

என் பங்கு

மிதுலாவின் தாளில் பிழையைச் சரியாக்கினார்கள். மாரித் வகுப்புக்கு முன்னாலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டார்; ஆசிரியர் ஒருவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் கண்டேன். ஆறு கிடைக்குமா என்பது வெயில் காலத்தில் தெரியும். வீட்டுக்கு நடந்து வரும்போது மிதுலா என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, “ஃபாசித்தே பிழை அப்பப்பா! ஃபாசித்தே பிழை!” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நிஷா அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் வந்து, “மாமா, நீங்க மட்டும் எங்க ஊர்க்காரரா இருந்து ‘ஆமா’ன்னு சொல்லிருந்தா இந்த வம்பே இல்ல,” என்றாள். நான் அதற்கு ஓம் சொல்லவில்லை.

அந்தத் துண்டுகளைத் தொகுத்து விற்கிறவர்களுக்கும் மாரித் எழுதினார். அவர்கள் நன்றி சொல்லி, கேள்வியை மாற்றிவிட்டார்கள். இப்போது கேள்வி: ‘பின்னால் நிற்பவர் என்ன கேட்கிறார்?’ மிதுலா காட்டினாள். துண்டின் பெயர்ப் பட்டியலில் முன்பு ‘வீட்டை எண்ணி ஏங்கும் தொழிலாளி’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘ஒரு தொழிலாளி’ என்று மட்டும் இருக்கிறது.

இதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

பேட்டி எடுத்த பெண்ணின் பெயர் இருக்கிறது. வயலின் வாசித்தவரின் பெயர் இருக்கிறது. ஒலிப்பதிவு செய்தவரின் பெயர் இருக்கிறது. கடற்காகங்களுக்குப் பெயர் போடவில்லை, சரி. ஆனால் இந்தத் துண்டில் பேசியவன் நான். தவறாக விளங்கியதும் என்னைத்தான், சரியாக விளங்கியதும் என்னைத்தான். நான் அன்றைக்கு இடித்துக்கொண்டு முன்னால் வந்து, விளங்காத கேள்விக்கு ஓம் சொல்லியிராவிட்டால் அவர்களுக்குப் பாடமே இல்லை. சில்வெஸ்டர் ஒழுங்கான ஆங்கிலத்தில் ஒழுங்கான பதில் சொல்லியிருப்பார். அதை எவன் கேட்டல் பயிற்சியில் போடுவான்?

ஆகவே, தொகுத்தவர்களுக்கும், இதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த யாராவது அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்ற நம்பிக்கையில் உங்களுக்கும் சொல்கிறேன். அடுத்த பதிப்பில் இப்படிப் போடவேண்டும்: ‘ஓம் என்று சொன்னவர்: தவராசா.’ அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், ‘விளங்குதோ என்று கேட்டவர்: சில்வெஸ்டர்.’ மிகச் சரியாகக் கேட்டவர் மிதுலா என்றும் போடலாம். அதற்குப் பெரிய எழுத்தே போடுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

என் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்க யாராவது தொலைபேசி எடுத்தால், பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு எடுக்கவும். என்னிடம் கேட்டால் நீங்கள் எப்படி எழுதி வாசித்தாலும் நான் ஓம் என்றுதான் சொல்வேன். என் வாகனங்களில் இருக்கிற எழுத்துப் பிழை அப்படி வந்ததுதான்.